உளியின் முதுகு

நவம்பர் 5, செவ்வாய்

சலூனுக்கு இன்று விடுமுறை. கொடைக்கானலில் செவ்வாய்க்கிழமை முடி வெட்டிக்கொள்ள யாரும் வரமாட்டார்கள், நானும் கத்தியைத் தொடமாட்டேன். துணி துவைத்தேன், ரேஷன் கடைக்குப் போனேன், மழையில் நனைந்து திரும்பினேன்.

பக்கத்துக் கடை ஜெசிந்தா மூன்று உளிகளோடு வந்து நின்றார். ஜூன் மாதம் வாடகைக்கு வந்தவர். பெங்களூரில் ஒரு கிட்டார் கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இங்கே தனியாகக் கிட்டார் செய்கிறார். மரத்தூள் என் கடைக்குள் வருகிறது என்று நான்கு மாதமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். மற்றபடி நல்ல மனுஷி.

"மாஸ்டர், இதைக் கொஞ்சம் தீட்டித் தர்றீங்களா? என் கல்லு உடைஞ்சுபோச்சு. புதுக்கல்லு பெங்களூர்லருந்து வர ஒரு வாரம் ஆகும்."

கூர் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இருபத்தைந்து வருடமாகக் கழுத்தில் கத்தி வைத்துச் சம்பாதிக்கிறவன். ஊரெல்லாம் பிளேடு மாட்டும் கத்திக்கு மாறிவிட்டாலும் என்னிடம் இன்னும் பழைய மடக்குக் கத்தி இரண்டு இருக்கிறது, சுவரில் தோல் வாரும் தொங்குகிறது. கல்லில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று இரண்டு பக்கமும் சமமாகத் தேய்த்து, பிறகு வாரில் இரண்டு பக்கமும் இழுத்தேன். முடித்து அவர் எதிரிலேயே என் கை முடியில் வைத்தேன். சுத்தமாக வழித்தது. அவர் புருவத்தைத் தூக்கினார். நான் சாதாரணமாக இருப்பதுபோல் இருந்தேன்.

மேட்டில் இருக்கும் போர்டிங் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மாதிரிக் கிட்டார் செய்கிறாராம். டிசம்பர் பதினான்கு அன்று கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் சங்கீத வகுப்புக்கு வேண்டிய அத்தனை கிட்டாரும் இவரிடமே. பிடிக்காவிட்டால் கடையைக் காலி செய்துவிட்டுப் பழைய கம்பெனிக்கே போய்விடுவதாகத் தம்பியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

போனால் போகட்டும். எனக்குத் தூசித் தொல்லை விட்டது.

நவம்பர் 6

தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டேன். புதுக் கம்பெனிச் சாயம். வாடிக்கைக்காரர் தலையில் பூசுவதற்கு முன் நாம் சோதித்துப் பார்க்க வேண்டும் அல்லவா.

நவம்பர் 9

மழை. மூன்று பேர் வந்தார்கள், அதில் ஒருவர் குடை இல்லாமல் மழைக்கு ஒதுங்கியவர்.

டீக்கடை அன்வரிலிருந்து போஸ்ட்மேன் வரை இந்தத் தெருவில் எல்லோரும் என்னை அண்ணே என்கிறார்கள். ஜெசிந்தா மட்டும் மாஸ்டர் என்கிறார். ஏன் என்று கேட்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

நவம்பர் 12, செவ்வாய்

மோசமான நாள்.

காலையில் சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். கிட்டார்ப் பெட்டி மேசைமேல் இருந்தது. பக்கச் சட்டங்களின்மேல் மேல்பலகையும் கீழ்ப்பலகையும் ஒட்டியாகிவிட்டது. பலகை இரண்டும் சுற்றிலும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதைப் பக்கத்தோடு பக்கமாகச் சீவி எடுக்க வேண்டும். பெங்களூரில் மிஷின் ஒன்று இரண்டு பலகைகளின் ஓரத்தைக் கடித்துத் துப்பியதாம், அன்றிலிருந்து ஓர வேலைக்கு அவர் உளியைத் தவிர எதையும் நம்புவதில்லை.

உளியைப் பக்கச் சட்டத்தின்மேல் படுக்க வைத்துத் தள்ளினார். அது மரத்தைப் பிடிக்காமல் வழுக்கியது. இன்னொரு தடவை அழுத்தித் தள்ளினார். மறுபடி வழுக்கி நேராக இடதுகைக் கட்டைவிரலின் அடியில் இறங்கியது.

நான் ஓடிப்போய்ப் படிகாரக் கட்டியை எடுத்துவந்து தேய்க்கப் போனேன். "ஷேவிங் வெட்டா இது? ஆட்டோ கூப்பிடுங்க மாஸ்டர்" என்று திட்டினார். ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். ஒரு மாதத்துக்கு அந்தக் கையால் எதையும் இறுக்கிப் பிடிக்கக் கூடாதாம்.

மரத்தில் ஏதோ முடிச்சு இருந்திருக்க வேண்டும்.

நவம்பர் 13

முடிச்சு இல்லை.

கட்டுப் போட்ட கையோடு வந்து, என் முன்னால் உளியின் முதுகில் ஒரு இரும்பு ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்தில் பிடித்தார். "பாருங்க" என்றார். ஸ்கேலுக்கும் உளிக்கும் நடுவே வாய்ப்பக்கத்தில் வெளிச்சம் தெரிந்தது.

சவரக் கத்திக்கு இரண்டு பக்கமும் ஒன்று. உளி அப்படி இல்லையாம். ஒரு பக்கம்தான் சரிவு. மறுபக்கம், அதாவது முதுகு, கண்ணாடிபோல் தட்டையாக இருக்க வேண்டும், அதுதான் மரத்தில் படிந்து உளிக்கு வழிகாட்டும். நான் தொங்குகிற வாரில் இரண்டு பக்கமும் இழுத்து இழுத்து முதுகை உருட்டிவிட்டேன். கூர் இருந்தது, ஆனால் படுக்க வைத்தால் அந்தக் கூர் மரத்தைத் தொடாது. தலைமயிரை வழிக்கும், பலகையைச் சீவாது.

"ஒரு தச்சர் இந்தத் தப்பைப் பண்ணவே மாட்டார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்லியிருப்பேன்.

அந்த விரலில் என் கைவேலை இருக்கிறது.

நவம்பர் 16

கார்த்திகை பிறந்துவிட்டது. ஐயப்பனுக்கு மாலை போட்டவன் எல்லாம் இனி இரண்டு மாதத்துக்குத் தாடியோடு அலைவான், வருடா வருடம் என் கடைக்குப் பஞ்ச காலம் இதுதான். இந்த வருடம் அது பரவாயில்லை என்று தோன்றியது.

அவர் கடைக்குப் போய் நேராகச் சொன்னேன். "என் கையால கெட்டது. ஓர வேலை பூரா நானே செஞ்சு தர்றேன். நீங்க உக்காந்து சொல்லுங்க."

"சவரம் இல்ல மாஸ்டர் இது."

"தெரியும். அதான் கத்துக்கறேங்கறேன்."

கையிலிருந்த போனைக் காட்டினார். "தம்பிக்கிட்ட போன் பண்ணி, முடியலடா, வந்து கூட்டிட்டுப் போன்னு சொல்றதுக்குத்தான் போனை எடுத்தேன்" என்றார். பிறகு போனை வைத்துவிட்டு, "முதல்ல முதுகைத் தட்டை பண்ணுங்க" என்றார்.

நவம்பர் 17

தட்டையான பரப்பு வேண்டும் என்றார். இந்தத் தெருவிலேயே தட்டையான பொருள் என் சலூன் கண்ணாடிதான், கனமான பெல்ஜியம் கண்ணாடி. கழற்றி மேசைமேல் போட்டு, அதன்மேல் வாட்டர் பேப்பரை ஒட்டித் தண்ணீர் தெளித்துத் தேய்க்க ஆரம்பித்தேன். உளியின் முதுகில் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசிக்கொள்வது, தேய்ப்பது, கறுப்பு எங்கே மிச்சம் என்று பார்ப்பது. வாய்ப்பக்கத்துக் கறுப்பு போகவே மாட்டேன் என்றது.

நடுவில் அன்வர் ஷேவிங்குக்கு வந்தான். "கண்ணாடி எங்கண்ணே?"

"வேலைக்குப் போயிருக்கு. நீ உக்காரு, உன் மூஞ்சி அப்படியேதான் இருக்கு."

சாயங்காலத்துக்குள் மூன்று உளியின் முதுகிலும் என் மூக்கு தெரிந்தது. பிறகு சரிவுப் பக்கத்தைத் தீட்டினேன், முதுகில் மடிந்த பிசிறை மட்டும் படுக்க வைத்து ஒரே இழுப்பில் எடுத்தேன். வாரை இனி தொங்கவிடக் கூடாது என்று பலகையில் ஒட்டிவிட்டேன். ஜெசிந்தா ஸ்கேலை வைத்துப் பார்த்தார். வெளிச்சம் வரவில்லை. "ம்" என்றார். இந்த ஒரு எழுத்துக்கு நான் நாள் முழுக்க முதுகு ஒடிந்திருக்கிறேன்.

நவம்பர் 19, செவ்வாய்

கழிவுப் பலகையில் பழக்கம். ஸ்ப்ரூஸ் என்று ஒரு மரம், வெள்ளையாக, ரேகை ரேகையாக, கனமே இல்லாமல் இருக்கிறது. உளி நேராகப் போகும்போது வெண்ணெய். சட்டென்று ஒரு இடத்தில் சிம்பு, அதாவது மரச்சிராய், கிளம்பிக் கோட்டுக்கு உள்ளே வரை பிளந்துகொண்டு போய்விடுகிறது. கிட்டாரில் இப்படி ஆனால் பலகை பாழ், இன்னொரு பலகை ஒட்ட நாள் இல்லை.

இரண்டு துண்டுகளைக் கெடுத்தேன். மதியம் ஜெசிந்தா வீட்டிலிருந்து கொண்டுவந்த மீன்குழம்பு. காரம் கொஞ்சம் தூக்கல். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன், வீணாகப் போகக் கூடாது என்று.

நவம்பர் 21

இன்னும் மூன்று துண்டு. எல்லாம் பிளந்தது. கோபத்தில் ஐந்தாவது துண்டை அடுப்பில் போட்டு வெந்நீர் வைத்தேன்.

இன்று அவர் கேட்டார், "நீங்க ஏன் மாஸ்டர் கல்யாணம் பண்ணிக்கல?" இரண்டு தங்கைகளுக்கு முடித்து வைத்தேன், மூன்றாவதாக ஒரு கல்யாணம் பாக்கி இருப்பது வீட்டில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும் சொல்ல வாய் வரவில்லை என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

நவம்பர் 23

பிடித்துவிட்டேன்.

காலையில் ஏட்டு மாசிலாமணி ஷேவிங்குக்கு வந்தார். இந்த ஊரிலேயே கஷ்டமான தாடி அவருடையது. கன்னத்து முடி கீழ்நோக்கி வளரும், கழுத்து முடி மேல்நோக்கி ஏறும், தாடைக்கு அடியில் இரண்டும் மோதிக்கொள்ளும். சோப்பு போடுவதற்கு முன் விரலால் தடவி எந்தப் பக்கம் எங்கே படுகிறது என்று பார்த்துக்கொள்வேன். மேலிருந்து இறங்கி வந்து நிறுத்த வேண்டும், கீழிருந்து ஏறி வந்து அதே இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரே இழுப்பில் தாண்டினால் ரத்தம்தான்.

பாதி ஷேவிங்கில் கத்தியை வைத்துவிட்டேன். "என்னய்யா?" என்றார் ஏட்டு. "ஒண்ணுமில்ல சார், அசையாம இருங்க" என்று முடித்து அனுப்பிவிட்டுப் பக்கத்துக் கடைக்கு ஓடினேன்.

கிட்டாரின் ரேகை நேராகத்தான் ஓடுகிறது, வளைவது ஓரம்தான். அகலமான இடத்திலிருந்து இடுப்புக்கு இறங்கினால் சிம்பு வெளியே போகும். இடுப்பைத் தாண்டி அதே வேகத்தில் மறுபக்கம் ஏறினால் சிம்பு உள்ளே போகும். நான் இத்தனை நாளும் ஒரே ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தேன். இடுப்பில் நிறுத்தி, அந்தப் பக்கத்து அகலத்திலிருந்து திரும்ப இறங்கி வர வேண்டும். வால் பக்கமும் கழுத்துப் பக்கமும் அப்படியே, எப்போதும் இறக்கம்தான். பென்சிலால் பலகை முழுக்க அம்புக்குறி போட்டேன்.

"இதை முதல் நாளே சொன்னேனே மாஸ்டர், இறக்கத்துலயே போங்கன்னு" என்றார் ஜெசிந்தா.

சொன்னார்தான். காதில் விழுந்தது, கையில் விழவில்லை. இன்று கையில் விழுந்தது. ஆறாவது துண்டு ஒரு பிசிறு இல்லாமல் வந்தது.

நவம்பர் 26, செவ்வாய்

மேல்பலகை ஓரம் முடிந்தது. நிஜமான கிட்டார், நிஜமான பலகை. அகலத்திலிருந்து இடுப்புக்கு, திரும்பவும் அகலத்திலிருந்து இடுப்புக்கு. சீவல் சுருள் சுருளாக விழுந்தது. ஜெசிந்தா பெட்டியை வலது கையாலும் இடது முழங்கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். நல்ல நாள்.

நவம்பர் 30

கீழ்ப்பலகையும் முடிந்தது. அது ஈட்டி மரம், இரும்பு மாதிரி. அரைமணிக்கு ஒருதரம் உளியைத் தீட்டினேன். முதுகைக் கல்லில் படுக்க வைக்காமல் ஒருமுறைகூட எடுக்கவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

தம்பி அமலன் பெங்களூரிலிருந்து காரில் வந்திருந்தான். அக்காவின் கையைப் பார்க்க வந்தவன். நான் உளியோடு நிற்பதைப் பார்த்தான். அடுத்த வேலை தொடங்கியிருந்தேன்: ஓரம் முழுக்கச் சின்னப் படியாக வெட்டி எடுத்து, அதில் ஈட்டிப் பட்டையை ஒட்ட வேண்டும். கிட்டாருக்கு அடிபடாமல் காக்கும் கரை அது.

"சவரம் பண்றவர் கையில கிட்டாரைக் குடுத்திருக்கியேக்கா. உன் கையைக் கிழிச்சது பத்தாதா?"

நான் கேட்காததுபோல் இருந்தேன். கேட்காததுபோல் இருப்பது எங்களுக்குப் பழக்கம். எத்தனை வீட்டு வாசலில் நின்றே காசு வாங்கியிருக்கிறோம். ஆனால் இன்று காதெல்லாம் எரிந்தது. உளியை எடுத்துப் படியில் வைத்தேன். ஜெசிந்தா என் மணிக்கட்டைப் பிடித்தார். தையல் போட்ட கையால்.

"கோபமா இருக்கறப்ப யாருக்காவது ஷேவிங் பண்ணுவீங்களா மாஸ்டர்?"

"மாட்டேன்."

"அப்ப உளியை வைச்சுட்டுப் போய் டீ குடிச்சுட்டு வாங்க." பிறகு தம்பி பக்கம் திரும்பினார். "என் கை கிழிஞ்சதுக்கு உளியைப் பார்க்காம வாங்கின நானும்தான் காரணம். அவரு இத்தனை நாள்ல ஒரு பலகையைக் கெடுக்கல. நீ அவரைப் பேசறதா இருந்தா கார் சாவியை எடுத்துக்க."

அன்வர் கடையில் இரண்டு டீ குடித்தேன். திரும்பி வரும்போது தம்பி இல்லை. வேலை சுத்தமாக வந்தது.

டிசம்பர் 5

பட்டையைச் சூடான இரும்புக் குழாயில் வைத்து வளைத்தார் ஜெசிந்தா, ஒன்றரைக் கையால். நான் படியில் பசை தடவி உட்கார வைத்தேன். காடாத் துணியைக் கிழித்துச் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டினோம். பார்த்தால் துணியில் சுற்றிய பச்சைக்குழந்தைபோல் இருந்தது.

டிசம்பர் 6

கட்டைப் பிரித்தோம். இடுப்பு வளைவில்கூட இடைவெளி இல்லை. இனி பட்டையைப் பலகைமட்டத்துக்குச் சுரண்ட வேண்டும். மெல்லிய எஃகுத் தகடு ஒன்று, அதன் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கொக்கியை ஏற்றிக்கொண்டால் மாவுபோல் எடுக்கும். கொஞ்சம் சாய்ந்தால் பக்கத்திலிருக்கும் வெள்ளைப் பலகை குழியாகிவிடும்.

தகட்டை எப்படிப் பிடிப்பது என்று காட்ட என் கைமேல் கை வைத்தார். எதுவும் மனசில் ஏறவில்லை. மறுபடி காட்டச் சொன்னேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

சுரண்டி முடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் வெள்ளை மரம் எங்கே முடிகிறது, கறுப்புப் பட்டை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நான் இதுவரை வழித்த எந்தக் கன்னமும் இப்படி இல்லை. மூன்று வாரமாக ஒரு பெட்டியின் ஓரத்தோடு மல்லுக்கட்டி ஜெயித்துவிட்டேன். பெருமையாக இருக்கிறது, எழுதுவதற்கு வெட்கம் எதுவும் இல்லை.

கிட்டாரின் கழுத்து ஏற்கெனவே தயாராக இருக்கிறது. மீதி மூன்று நாளில் அவர் மாட்டிக் கம்பி கட்டிவிடுவார். தையலும் பிரித்தாயிற்று.

பிடிக்காமல் போய்விட்டால் பக்கத்துக் கடை காலி. தூசித் தொல்லை விட்டது என்று எழுதினவன் நான்தான், அந்த வரியை இப்போது படிக்கப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 14, சனி

பள்ளிக்கூடத்தில் சங்கீத ஆசிரியர் ஞானசேகர் பெரிய மனிதர், முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார். முதலில் வாசிக்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு மெல்லிய பட்டுக் கைக்குட்டையை எடுத்து, கிட்டாரின் ஓரம் முழுக்க இழுத்தார். மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று. ஒரு சிம்பு இருந்தால் நூல் மாட்டிக்கொள்ளும். இடுப்பு வந்தபோது நான் கைக்குட்டையின் ஓரத்தையே பார்த்தேன். கைக்குட்டை எங்கேயும் நிற்காமல் சுற்றி வந்தது.

"பிள்ளைங்க கையில குத்தாது" என்றார். பிறகுதான் வாசித்தார். வாசித்துக்கொண்டே இருந்தார். வகுப்பு மணி அடித்தும் வைக்கவில்லை.

"ஜூன்ல ஸ்கூல் திறக்கறதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுக் குடுத்துருவீங்களா?"

"நாங்க ரெண்டு பேர் இருக்கோம் சார், முடிஞ்சிரும்" என்றார் ஜெசிந்தா.

ரெண்டு பேர் என்றார். இறங்கி வரும் வழி முழுக்க இதையே நினைத்துக்கொண்டு நடந்தேன், மழை பெய்தது பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலம் அமலன் சலூனுக்குள் வந்தான். அக்காவைக் கூட்டிப் போகலாம் என்று காலையிலேயே வந்து காத்திருந்தவன். நேராக நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்தான். "ஷேவிங் பண்ணுங்க. பழைய கத்தியிலயே பண்ணுங்க" என்றான். கழுத்தை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டான். மன்னிப்பு என்ற வார்த்தையை அவன் சொல்லவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. அந்தக் கழுத்து போதும்.

பாதியில் கண்ணைத் திறக்காமலே கேட்டான். "அக்கா இங்கயே இருக்கப்போறா. எங்கிட்ட நீங்க ஏதாவது சொல்லணுமா?"

கத்தியைக் கழுத்திலிருந்து எடுத்தேன். "மீசையை ஒதுக்கணுமா?" என்று கேட்டேன்.

அவன் ஒதுக்கச் சொன்னான். என்னைப்போல ஒரு கோழை இந்த மலையில் கிடையாது.

டிசம்பர் 17, செவ்வாய்

நேற்று முழுக்க எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஜெசிந்தா அடுத்த கிட்டாருக்கு உளி தீட்டிக்கொண்டிருந்தார், இப்போது இரண்டு கையாலும். ஒத்திகை பார்த்ததில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை.

"நீங்க பெங்களூரு போகாததுல எனக்குச் சந்தோஷம்."

"தெரியுது."

"பக்கத்துக் கடைக்காரனா சொல்லல."

உளியைக் கல்லிலிருந்து எடுக்காமல் கேட்டார். "பின்ன யாரா சொல்றீங்க?"

இனிமேல் ஓட வழி இல்லை. "உங்களைக் கட்டிக்கணும்னு ஆசைப்படறவனா. நாப்பத்தாறு வயசு. சாயம் போட்ட தலை. நான் சலூன்காரன், நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க. ஊரு நாலு விதமாப் பேசும். இதெல்லாம் யோசிச்சுட்டுத்தான் கேக்கறேன். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

சொல்லிவிட்டேன். இருபத்தைந்து வருடத்தில் இவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. அவர் உளியைத் துணியில் துடைத்தார், பக்கத்தில் வைத்தார், கையையும் துடைத்தார். எனக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது.

போனை எடுத்து நம்பரைத் தட்டினார். "அமலா, அவரு சொல்லிட்டாரு" என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. "ஆமா, இப்பத்தான். பொங்கல் வரைக்கும் வாயே தொறக்கமாட்டாருன்னு நீதான பந்தயம் கட்டின. கிறிஸ்துமஸே வரலை பாரு. தோத்துட்ட."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "எனக்கு எப்பவோ சரி. நீங்க சொல்றதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். ஜனவரியில ஒரு தேதி பாருங்க வீரபத்திரன்."

செவ்வாய்க்கிழமையாகப் பார்க்கலாம், சலூனுக்கு விடுமுறை எடுக்க வேண்டியதில்லை என்றேன். அப்போதும் சிரித்தார்.